ஒரு பழைய தெரு தனக்குத் தானே என்ன செய்துகொள்ள முடியும்?

சென்னை மந்தைவெளியில் ஐம்பது அறுபது வருடப் பழைய தெரு. நாற்பது கட்டடம், பாதி தனி வீடு, பாதி மூன்று மாடி ஃப்ளாட். ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் தண்ணீர், மே மாதத்தில் தண்ணி லாரி, இரவு பதினொரு மணிக்குக்கூட சுவரைத் தொட்டால் சுடுகிறது. மாநகராட்சியை மட்டும் நம்பி உட்காராமல் தெருக்காரர்களே ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, இந்தத் தெரு இன்னும் முப்பது வருடம் தாங்கும்படி ஆக்க முடியுமா, எதில் ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்கு அடியில் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது: போடுகிற காசும் உழைப்பும் இரண்டு வருடத்தில் வீணாகிவிடாதா? அதையும் சேர்த்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் சிவில் படித்தவன். முப்பது வருடமாகச் சென்னையில் பழைய வீடுகளின் ஒழுகல், கிணறு, மழைநீர் வேலைகளில்தான் பிழைப்பு. மரமும் மின்சாரமும் என் துறை இல்லை. அவற்றைப் பற்றிக் கீழே சொல்வதை ஒரு பழகிய ஆளின் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றபடி என் அனுபவத்தில் கிடைத்த கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தெருவால் தண்ணீர்ப் பஞ்சத்தை நிறையவே சமாளிக்க முடியும். வெயிலைக் கொஞ்சம் சமாளிக்கலாம். வெள்ளத்தை மிகக் கொஞ்சம்தான். ஆனால் கூட்டம் போட்டால் எல்லோரும் வெள்ளத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். பணத்தையும் அங்கேதான் கொட்டுவார்கள். அடுத்த மழையில் தண்ணீர் நின்றதும் சங்கம் கலைந்துவிடும். இப்படிக் கலைந்த தெருக்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, பஞ்சத்தில் ஆரம்பிப்போம். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் விழுகிறது. சென்னையில் சராசரியாக வருடத்துக்கு 140 செ.மீ. பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். ஆவியாவது, தெறிப்பது, முதல் மழையைக் கழித்துவிடுவது என்று ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளினாலும் ஒரு மாடிக்கு வருடம் ஒரு லட்சம் லிட்டர் தேறும். 12,000 லிட்டர் லாரி எட்டுக்கு மேல். உங்கள் தெருவின் நாற்பது மாடிக்கும் சேர்த்தால் 40 லட்சம் லிட்டர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகனில் ரயிலேற்றித் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்த ரயில் ஒரு நடைக்குக் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். அதைவிட ஒன்றரை மடங்கு தண்ணீர் உங்கள் தெருவின் தலைமேல் வருடா வருடம் இலவசமாக இறங்கி, சாக்கடையைச் சேர்ந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு அதிர்ஷ்டமும் உங்களுக்கு இருக்கிறது: மண். சாந்தோம், மயிலாப்பூர், மந்தைவெளி, திருவல்லிக்கேணி எல்லாம் கடற்கரை மணல் படிந்த பகுதிகள். ஊற்றினால் குடிக்கும் மண். விருகம்பாக்கம், அரும்பாக்கம் பக்கம் களிமண்; அங்கே இதே வேலைக்கு இரண்டு மடங்கு பாடுபட வேண்டும். கிண்டி, ஆதம்பாக்கம் போனால் பாறை. இதனால்தான் யூட்யூபில் பார்த்த மாதிரிப் படத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது "எந்த ஏரியா?" என்பதை.

"எங்கள் வீட்டில் ஏற்கெனவே மழைநீர்த் தொட்டி இருக்கிறதே" என்று உங்கள் தெருவில் பாதிப் பேர் சொல்வார்கள். இருக்கும். 2003-ல் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டு எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியாவிலேயே பெரிய காரியம் அது, சந்தேகமில்லை. ஆனால் தேதிக்குள் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் மாடிக் குழாயின் வாயில் இரண்டடிக் குழி தோண்டி ஜல்லியைக் கொட்டி மூடியவர்கள் ஏராளம். குழாய் நேராகச் சிமெண்டுத் தரையில் முடிகிற வீடுகளைக்கூடக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அளக்க வந்தவருக்குக் குழாய் தெரிந்தால் போதும். அதற்கப்புறம் சில வருடங்களில் நகரத்துக் கிணறுகளில் மட்டம் ஏறியது உண்மை. அது முழுக்கச் சட்டத்தின் பலன் என்று சொல்வோரை நம்பாதீர்கள், ஒன்றும் பலனில்லை என்று சொல்வோரையும் நம்பாதீர்கள். 2005-ல் மழை அளவுக்கு மீறிக் கொட்டியது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது லேசில்லை. ஒரு தெருவின் அளவில், ஒரு கிணற்றின் அளவில் என்ன நடக்கிறது என்பதைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

அப்படி ஒரு கிணற்றைச் சொல்கிறேன். உங்கள் பகுதிக்கு அதிக தூரமில்லாத ஒரு தெரு. மழைநீருக்குப் புதிதாகக் குழி தோண்ட இடம் பார்க்கப் போயிருந்தேன். எண்பது வயதுப் பாட்டி ஒருவர் வாசலில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எதுக்குப்பா தோண்டறீங்க, அந்தக் காருக்கு அடியிலேயே கிணறு இருக்கே" என்றார். பக்கத்து ஃப்ளாட்டின் கார் நிற்கிற இடம். டைல்ஸைப் பெயர்த்தால் கருங்கல் பலகை. பலகையை நகர்த்தினால் செங்கல் கட்டிய கிணறு, ஐந்தடி விட்டம். மேலே கரப்பான்பூச்சிக் கூட்டம், ஒரு நாற்றம். கயிற்றில் கல்லைக் கட்டி விட்டுப் பார்த்தோம், பதினைந்தடியில் 'தொளக்' என்றது. எண்பதுகளில் ஃப்ளாட் கட்டியபோது மூடிப் போட்டிருக்கிறார்கள். அந்த ஃப்ளாட்டில் அன்று குடியிருந்த ஒருவருக்கும் தெரியாது. (மூடிக் கிடந்த கிணற்றில் ஆளை உடனே இறக்காதீர்கள். உள்ளே காற்று கெட்டிருக்கும். இரண்டு மூன்று நாள் திறந்து வைத்து, காற்றடித்து, காற்றைச் சோதித்து, இடுப்பில் கயிறோடு அனுபவமுள்ள ஆள்தான் இறங்க வேண்டும். இதில் உயிர் போன கதைகள் வருடா வருடம் வருகின்றன.) தூர்வாரி, மூன்று மாடிகளின் குழாய்களை அதில் சேர்த்தோம். அந்த மழைக்காலம் முடிந்ததும் தண்ணீர் தரையிலிருந்து ஆறடி ஆழத்துக்கு ஏறி வந்தது. அடுத்த மே மாதம் அந்த மூன்று கட்டடமும் லாரி கூப்பிடவில்லை. அதற்கடுத்த வருடம் மழை குறைவு, மே நடுவில் இரண்டு லாரி வந்தது. அவ்வளவுதான் அதன் சக்தி, அதற்கு மேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஏன் கிணறு என்று கேட்டால், கணக்குதான். மூன்றடி விட்டம் எட்டடி ஆழக் குழி வெறுமையாக இருந்தால் 1,600 லிட்டர் பிடிக்கும். ஜல்லியால் நிரப்பினால் அதில் பாதிகூடப் பிடிக்காது. ஐந்தடிக் கிணற்றில் பதினைந்தடி காலியாக இருந்தால் 8,000 லிட்டருக்கு மேல் பிடிக்கும். பிடித்துக்கொண்டே கீழேயும் பக்கவாட்டிலும் இறக்கிக்கொண்டும் இருக்கும். எனவே முதல் வேலை, தெருவில் இருக்கிற, மூடிய, மறந்துபோன கிணறுகளைக் கணக்கெடுப்பது. பெரியவர்களைக் கேளுங்கள். நாற்பது கட்டடத்தில் பத்தாவது கிடைக்கும் என்று நினைக்கிறேன். கிணறே இல்லாத இடத்தில் சிமெண்டு உறை இறக்கி, ஜல்லி போடாமல், பன்னிரண்டு பதினைந்தடிக்கு உறைகிணறு. மாடியின் வாயில் வலை, கீழே கிணற்றுக்கு முன்னால் கூழாங்கல் போட்ட ஒரு சின்னத் தொட்டி, முதல் மழையை வெளியே தள்ள, குழாயின் முனையில் கழற்றி மாட்டும் ஒரு மூடி (எண்ட் கேப்). இதற்கு மேல் யாராவது ஃபில்டர், சென்சார் என்று விற்க வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். நேரில் பார்க்க ஆசைப்பட்டால் உங்கள் மந்தைவெளியிலேயே முனைவர் சேகர் ராகவன் 2002-ல் தொடங்கிய ரெயின் சென்டர் இருக்கிறது.

இதில் கூட்டு முயற்சி எங்கே வருகிறது? கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு ஆடை மாதிரி மிதக்கிறது. அந்த ஆடை தெருவுக்கே பொது. நீங்கள் ஒருவர் மட்டும் வருடம் முழுக்க இறக்கினாலும் பக்கத்து ஃப்ளாட்டின் 150 அடி ஆழ்துளைக் கிணறு அதை உறிஞ்சி, அதோடு கீழிருந்து உப்பையும் மேலே இழுத்துவிடும். தண்ணீர் இறக்குவதைவிட, எவ்வளவு எடுப்பது என்பதில் ஒரு பேச்சுக்கு வருவதுதான் கடினமான வேலை. நான் பார்த்தவரை நடந்தது ஒரு வழிதான்: தெருவில் மூன்று நான்கு கிணறுகளின் மட்டத்தை மாதம் ஒருமுறை அளந்து, அதோடு தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரையும் முக்கிப் பார்த்து, இரண்டு எண்களையும் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது. மீட்டர் சில நூறு ரூபாய்தான். உப்பு ஏறுவதைக் கண்ணால் பார்த்தால் மோட்டார் ஓடும் நேரம் தானாகக் குறைகிறது. சண்டை போட்டுக் குறைத்ததாக எனக்கு நினைவில்லை. ஒன்று மறக்கக் கூடாது, பழைய பகுதிகளில் கழிவுநீர்க் குழாய்கள் கசியும். எனவே இந்தத் தண்ணீர் துவைக்க, துடைக்க, குளிக்க. சோதித்துப் பார்க்காமல் குடிக்க வேண்டாம்.

இனி வெள்ளம். இங்கேதான் மனதைக் கொஞ்சம் கெட்டியாக்கிக்கொள்ள வேண்டும். 2015 டிசம்பர் 1-ம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இரண்டு நாள் நகர்ந்தும் நகராமலும் நின்று கொட்டியது. அந்த மாதிரி நாளில் உங்கள் கிணறுகள் எல்லாமே முதல் சில மணி நேரத்தில் நிரம்பிவிடும். டிசம்பருக்குள் நிலத்தடி மட்டமும் மேலே வந்திருக்கும், மணலுக்கும் தாகம் தீர்ந்திருக்கும். தண்ணீர் ஓட வேண்டிய பக்கிங்காம் கால்வாயைப் பாருங்கள். மேம்பாலத்தில் ஓடும் பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள்ளேயே நிற்கின்றன. கால்வாய் நிரம்பி, கடலும் ஏற்றத்தில் இருந்தால் வடிகாலில் தண்ணீர் உங்கள் தெருவை நோக்கியே திரும்பி வரும். இதை எந்த நலச்சங்கமும் நிறுத்த முடியாது. வெளிநாட்டு உதாரணம் ஒன்றைக் கேட்டிருந்தீர்கள். கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2-ம் தேதி பேய்மழை பெய்த பிறகு ஓஸ்டர்ப்ரோ என்ற பழைய பகுதியில் தார்ச்சாலையைப் பெயர்த்துத் தோட்டமும் பள்ளமுமாக மாற்றினார்கள், மழை அதில் தங்குகிறது. அழகான வேலை. குடியிருப்போர் கூடிப் பேசித் திட்டத்தில் பங்கெடுத்ததும் உண்மை. ஆனால் பணம் போட்டது மாநகரமும் தண்ணீர் நிறுவனமும். இந்த அளவு வேலைக்கு மக்களின் குரல் வேண்டும். மக்களின் உண்டியல் போதாது.

ஆனால் தினப்படி மழை வேறு விஷயம். ஐந்து செ.மீ. பெய்தாலே முழங்கால் தண்ணீர் என்றால் அது கடலின் குற்றமில்லை, பெரும்பாலும் தெருவுக்குள்ளேயே காரணம் இருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் நிற்கும்போது ஒவ்வொரு வாசல் கேட்டிலும் மட்டத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, படம் எடுத்துவிடுங்கள். காய்ந்த பிறகு மேஸ்திரியிடம் இருக்கும் மட்டக் குழாயை, அதாவது தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயை, வைத்து எந்த வாசல் எவ்வளவு தாழ்வு என்று குறியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அப்போது தெரியும்: தண்ணீர் தெரு முழுக்க நிற்கவில்லை, எட்டாம் எண்ணுக்கும் பதினான்காம் எண்ணுக்கும் நடுவே நிற்கிறது, அங்கே மழைநீர் வடிகாலின் வாய் தார் போட்டு மூடிக் கிடக்கிறது, அல்லது வடிகாலின் வாய் சாலையைவிட இரண்டு இஞ்சு உயரத்தில் இருக்கிறது. "எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது" என்று மாநகராட்சியின் புகார் எண் 1913-க்கு நூறு முறை போன் செய்வதைவிட, "பதினொன்றாம் எண் எதிரே வடிகால் வாய் இரண்டு இஞ்சு உயரம்" என்று படத்தோடு ஒரு முறை சொன்னால் உதவிப் பொறியாளருக்கும் வேலை எளிது. அவர்களும் மனிதர்கள்தான், குத்துமதிப்பான புகாருக்கு ஆளனுப்ப முடியாது.

சாலை போட வரும்போது தெருவில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத்தான் நம் பழைய வீடுகள் எல்லாம் பள்ளத்துக்குப் போயின. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலரே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார். ஒப்பந்தக்காரர் இரவு பதினொரு மணிக்கு வந்து நாலு மணிக்குள் முடித்துவிடுவார், எனவே முன்பே நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு பழக்கத்தை நிறுத்த வேண்டும்: தண்ணீர் நின்றால் பாதாளச் சாக்கடையின் மேன்ஹோல் மூடியைத் தூக்கி விடுவது. அந்தக் குழாய் வீட்டுக் கழிவுக்குப் போட்ட அளவு. மழைத் தண்ணீரையும் மண்ணையும் அதில் தள்ளினால் அரை மணி நேரத்தில் தாழ்வான வீட்டின் கழிப்பறையில் பொங்கும். மாடித் தண்ணீரைச் சாக்கடையில் இணைத்திருக்கும் வீடுகளும் இதே காரியத்தைத்தான் ரகசியமாகச் செய்கின்றன.

அதைவிட நாசூக்கான விஷயம் ஒன்று. பணம் உள்ளவர் முதலில் செய்வது தன் வாசலை ஒரு அடி உயர்த்துவது. அந்தத் தண்ணீர் காணாமல் போவதில்லை, எதிர்வீட்டுக்குப் போகிறது. எதிர்வீட்டுக்காரர் உயர்த்தினால் தெருக்கோடியில் இருக்கும் குடிசைகளுக்குப் போகிறது. நான் வேலை பார்த்த ஒரு தெருவில் ஐந்து வருடத்தில் பதினாறு வாசல்கள் உயர்ந்தன. கடைசியில் தாழ்வாக நின்றது இஸ்திரி போடுகிறவரின் ஒற்றை அறை மட்டும். அதில் மூன்று வாசலை நானேதான் கட்டிக் கொடுத்தேன். இன்று கேட்டால் கட்டித் தர மாட்டேன் என்று சொல்ல ஆசை. தெருக்காரர்கள் பேசி முடிவெடுக்காத வரை இன்னொரு மேஸ்திரி கட்டித் தருவார் என்பதும் தெரியும்.

வெள்ளத்தைத் தடுக்க முடியாவிட்டாலும் வெள்ள இரவை நன்றாக எதிர்கொள்ள முடியும், அதற்குச் சிமெண்டு தேவையில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தரைத்தளத்தில் தூங்குகிறவர்கள் யார், தனியாக இருக்கும் பெரியவர் யார், யார் வீட்டு ஃபிரிட்ஜில் இன்சுலின் இருக்கிறது, யாருக்கு டயாலிசிஸ் நாள் என்றைக்கு, மாடியில் யார் கதவைத் திறப்பார்கள். 2015-ல் செல்போன் கோபுரங்கள் செத்த பிறகு வாட்ஸ்அப் குழு ஒன்றுக்கும் உதவவில்லை, எனவே இது காகிதத்தில் இருக்கட்டும். மீட்டர் பெட்டி முழங்கால் உயரத்தில் இருக்கும் வீடுகள் பழைய தெருக்களில் நிறைய. மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீசியனை வைத்து அதை உயர்த்துவதற்குச் சங்கம் பணம் தரலாம். என்னைக் கேட்டால் முதல் வருட நிதியில் கொஞ்சத்தை இதற்கே ஒதுக்குவேன், ஏனென்றால் நின்ற தண்ணீரில் உயிரை எடுப்பது பல சமயம் மின்சாரம்தான்.

வெயிலுக்கு வருவோம். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. அகமதாபாத் 2010 மே மாத வெயிலில் அடிபட்டு, 2013-லேயே ஒரு வெப்பச் செயல் திட்டம் போட்டது. குறைந்த வருமான வீடுகளின் கூரைக்கு வெள்ளையடிப்பதும் அங்கே அதன் பகுதியாக வளர்ந்தது. வெள்ளை மாடி வேலை செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மத்தியானம் மூன்று மணிக்குச் சாம்பல் நிறச் சிமெண்டு மாடியில் வெறுங்காலை வைக்க முடியாது. பக்கத்திலேயே வெள்ளையடித்த பகுதியில் நிற்கலாம். சந்தேகம் எல்லாம் அளவில்தான். தகரத்துக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் கீழே வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கான்கிரீட் மாடிக்குக் கீழே மூன்று டிகிரி வரை எதிர்பார்க்கலாம், அதுவும் மேல்தள வீட்டுக்கு மட்டும். தரைத்தளத்தில் இருப்பவருக்கு இதனால் ஒன்றுமில்லை. காற்றின் ஈரத்தை எந்தப் பெயிண்டும் குறைக்காது, சென்னையில் பாதிப் புழுக்கம் அதுதான். கம்பெனிக்காரர் சொல்லும் ஆயுளில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள், தூசி படிந்தால் பலன் இறங்கிவிடும். வெறும் சுண்ணாம்பு மலிவு, ஆனால் வருடா வருடம் பங்குனியில் அடிக்க வேண்டும். மழை பட்டால் வழுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தெருவில் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இருந்தால் ஒரு எச்சரிக்கை. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய சுண்ணாம்புக் கலவை போட்டு, மேலே தட்டு ஓடு பதித்த மாடி அது. சுண்ணாம்பு மூச்சு விடும். அதன்மேல் ரப்பர் மாதிரி ஒட்டும் வாட்டர்ப்ரூஃப் பூச்சை அடித்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் உத்தரத்தின் தலையில் உட்கார்ந்து மக்க வைத்துவிடும். சென்ற வருடம் அப்படி ஒரு வீட்டில் உத்தரத்தை விரலால் குத்தினேன், ஈர பிஸ்கட் மாதிரி உள்ளே போயிற்று. அந்த மாடிகளுக்குச் சுண்ணாம்பு வெள்ளை மட்டும். அவை இயல்பிலேயே கனமான, ஓரளவு குளிர்ந்த மாடிகள். இடிக்காமல் காப்பாற்றுவதே பெரிய காரியம்.

மரம் பற்றி என் எல்லைக்குள் சொல்கிறேன். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயலில் விழுந்தவற்றில் தூங்குமூஞ்சியும் பெருங்கொன்றையும் குல்மொஹரும் ஏராளம். அவற்றின் குணம் ஒரு காரணம். வேரைச் சுற்றிக் கழுத்து வரை சிமெண்டு போட்டதும், கேபிளுக்கும் வடிகாலுக்கும் தோண்டியவர்கள் ஒரு பக்க வேரை வெட்டியதும் இன்னொரு காரணம். எனவே புதுக் கன்று நடும் விழாவுக்கு முன்னால், இருக்கும் மரங்களின் காலடியில் மூன்றடிச் சிமெண்டைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிடுங்கள். நடுவதானால் பூவரசு, புங்கை, வேம்பு, மகிழம். நிழல் வர எட்டுப் பத்து வருடம் ஆகும் என்பதை விழாவிலேயே சொல்லிவிட வேண்டும்.

சூரிய மின்சாரம், குப்பை இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோலாருக்கு 2024-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். குடியிருப்புச் சங்கத்தின் பொது மின்சாரத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000. கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி மாடி வேண்டும், நாளுக்குச் சராசரி நான்கு யூனிட் கிடைக்கும். பழைய ஃப்ளாட்டுகளில் தடையாக நிற்பது தொழில்நுட்பமில்லை, மொட்டை மாடி யாருடையது என்ற பஞ்சாயத்து. பத்திரத்தைப் பார்க்காமல் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். குப்பையில் இலைதழைகளையும் காய்கறிக் கழிவையும் தெருவிலேயே மக்க வைக்கலாம். இலையை எரிப்பதை மட்டுமாவது நிறுத்துங்கள், வடிகால் வாயில் சேர்வதும் அந்த இலைதான்.

பணத்துக்கு உண்டியல் தவிர வழி உண்டு. தமிழக அரசின் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். 2021-ல் நகரப் பகுதிகளுக்கும் இதை அறிவித்தார்கள். 2022 முதல் வார்டுக்குள் பகுதி பகுதியாக மக்களைக் கூட்டும் பகுதி சபைக் கூட்டங்கள் வந்துவிட்டன, சாக்பீஸ் கோட்டுப் படங்களை அங்கே வைக்கலாம். கையெழுத்து வாங்கும்போது வாடகைக்காரர்களை விட்டுவிடாதீர்கள். வெயிலில் வேகுவது அவர்கள், மாடிக்கு வெள்ளையடிக்கப் பணம் போட வேண்டியவர் வேறு எங்கோ இருக்கும் வீட்டுக்காரர். இந்த முடிச்சை அவிழ்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, வெள்ளையடிப்பதைத் தெருவின் பொதுச்செலவில் வைப்பது.

வீணாகாதா என்று கேட்டதற்கு வருகிறேன். சென்னைக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 1989-ல் தொடங்கிய எக்ஸ்னோரா என்ற மக்கள் அமைப்பு, தெருவுக்கு ஒரு ஆளும் ஒரு மூன்று சக்கர வண்டியும் வைத்து, வீட்டுக்கு வீடு மாதக்காசு வாங்கிக் குப்பை எடுத்தது. நகரம் முழுக்கப் பரவியது. அப்புறம் பல தெருக்களில் மெல்ல நின்றுபோனது. மாநகராட்சியே வீட்டு வாசலுக்கு வந்தது ஒரு காரணம், முன்னால் நின்ற ஓரிருவருக்கு வயதானது இன்னொன்று என்பது என் எண்ணம். மழைநீரிலும் அதேதான். நான் போட்டுக் கொடுத்த ஒரு தெருவின் பன்னிரண்டு உறைகிணறுகளை மூன்று வருடம் கழித்துத் திறந்து பார்த்தேன். ஐந்தில் முழங்கை ஆழம் சேறு. ஒன்றின் மூடி மேல் டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. நன்றாக இருந்த ஆறும் எவை தெரியுமா? தெருவுக்கே பொதுவாக ஒரு பிளம்பரைப் பிடித்து, செப்டம்பர் கடைசியில் எல்லா மாடிகளையும் கூட்டி, வலையைக் கழற்றிக் கழுவி, தொட்டியின் கூழாங்கல்லை அலசிப் போட வருடக் கூலி பேசிக் கொடுத்த வீடுகள். மற்றவர்கள் "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றவர்கள். எனவே ஒரு லட்சம் திரட்டினால் அறுபதாயிரத்துக்கு வேலை செய்யுங்கள், நாற்பதாயிரத்தை அடுத்த ஐந்து வருடப் பராமரிப்புக்கு வங்கியில் போடுங்கள். கூட்டத்தில் இதற்குத்தான் அதிக எதிர்ப்பு வரும்.

இப்போதைக்கு வரும் ஞாயிறு இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு கிணறுகளை மட்டும் எண்ணி வாருங்கள். விட்டம், தண்ணீர் எத்தனை அடியில், மூடியது எத்தனை என்று இங்கேயே எழுதுங்கள். எந்த மாடியை எந்தக் கிணற்றில் சேர்க்கலாம், நாலு இஞ்சுக் குழாய் போதுமா ஆறு இஞ்சு வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.